ஸ்பானிஷ் வினைச்சொற்கள்: எதை முதலில் படிப்பது?

ஸ்பானிஷ் பாடநூல் எதைத் திறந்தாலும் முதலில் வருவது மூன்று வினைகள்: அப்லார், கொமேர், பிபிர். பேசு, சாப்பிடு, வாழ். மூன்றும் இலக்கணம் சொன்னபடி பிசகாமல் நடக்கும் என்பதால் அவற்றை முன்னால் நிறுத்துகிறார்கள். ஆனால் மாட்ரிட்டில் ஓர் உணவகத்தின் சமையலறையில் நிற்கும் என் காதில் நாள் முழுக்க விழுவது வேறு கூட்டம். இரு, வை, கொண்டுவா, வேணும், முடியும், குறையுது, முடிஞ்சுது. இவை ஏறக்குறைய எல்லாமே ஒழுங்கு மீறுகிறவை. பேச்சில் அதிகம் புழங்குபவை என்பதால் இவற்றைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

புதிதாக வேலைக்கு வரும் நம் ஊர்ப் பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் வரிசையை இங்கே எழுதுகிறேன். நம்மில் பெரும்பாலோர் ஸ்பானிஷை ஆங்கிலம் வழியாகப் படிக்கிறோம். பாதிக் குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. நேராகத் தமிழிலிருந்து போனால் பல இடங்களில் விளக்கமே தேவைப்படாது.

முதலில் ஒலி. ஆங்கிலப் பழக்கத்தில் ‘எஸ்டார்’ என்று நாக்கை மடிக்காதீர்கள். அது எஸ்தார், நம்முடைய த. உயிரெழுத்துகளுக்கு நடுவில் வரும் மெல்லிய தகரமும் நமக்குப் புதிதல்ல. ‘கதை’யில் வருவதுதான் பொதேரிலும் வருகிறது. எழுத்தில் முதலில் எச் இருந்தால் வாயில் அது கிடையாது. வி, பி இரண்டு எழுத்துக்கும் ஒரே ஒலி, ‘பாக்கியம்’ என்பதன் முதல் ஒலி. அதனால் பெனிர், பிபிர் என்று நான் எழுதுவதை அப்படி வாசியுங்கள். சில வினைகளில் வரும் ஸ ஒலியை ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துச் சொல்வார்கள். லத்தீன் அமெரிக்காவில் வெறும் ஸ. என்னோடு வேலை பார்ப்பவர்களில் பாதிப்பேர் இக்குவடோர், பெருக்காரர்கள், யாரும் அவர்களைத் திருத்துவதில்லை. நானும் ஸ போட்டே எழுதுகிறேன்.

விகுதி நமக்குத் தெரிந்த வேலைதான்

அகராதியில் எல்லா வினையும் ஆர், ஏர், இர் என்ற மூன்றில் ஒன்றில்தான் முடியும். அந்த வாலை வெட்டிவிட்டு யார் செய்கிறார் என்பதற்கேற்ப விகுதி ஒட்ட வேண்டும். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம் என்று நாம் சொல்வது போலவே அப்லோ, அப்லாஸ், அப்லாமோஸ். அவன், அவள், அது, மரியாதையான நீங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அப்லா. அவர்களுக்கு அப்லான். ஆண்பால் பெண்பால் வினையில் கிடையாது, அந்த அளவில் தமிழைவிடச் சுலபம். ஏர் வினைகளில் ஆகாரம் எகாரமாகும்: கொமோ, கொமெஸ், கொமெ.

விகுதியே ஆளைக் காட்டிவிடுவதால் ‘நான்’ என்பதற்கான யோவைச் சொல்லத் தேவையில்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் யோ, யோ என்று போட்டால் ‘நான்தானாக்கும்’ என்று மார்தட்டுவது மாதிரி கேட்கும்.

ஆறு வடிவத்தையும் ஒரே நாளில் உருப்போட வேண்டாம். நான், நீ, அவர் மூன்றும் போதும். ஸ்பெயினில் பல பேரைப் பார்த்து ‘நீங்கள்லாம்’ என்பதற்கு போசோத்ரோஸ் என்று தனி வடிவம் உண்டு. லத்தீன் அமெரிக்காவில் அது புழக்கத்தில் இல்லை. எங்கே வாழப்போகிறீர்களோ அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

செர், எஸ்தார்

ஆங்கிலத்தில் ‘பி’ (ஆம், இஸ், ஆர்) என்று ஒன்றாக இருப்பது ஸ்பானிஷில் செர், எஸ்தார் என்று இரண்டாக நிற்கிறது. நிரந்தரமானது செர், தற்காலிகமானது எஸ்தார் என்று வகுப்பில் சொல்வார்கள். இது பல இடங்களில் உதைக்கும். செத்துப்போனவரைப் பற்றிச் சொல்லும்போது எஸ்தா முயெர்தோ என்று எஸ்தார்தான் வரும். சாவைவிட நிரந்தரம் எது?

நான் சொல்லும் சோதனை வேறு. அதையே தமிழில் சொல்லிப்பாருங்கள். வினையே இல்லாமல் வாக்கியம் நின்றால் செர். ‘இரு’ வந்தால் பெரும்பாலும் எஸ்தார்.

நான் சமையல்காரன்: சோய் கொஸினேரோ. தமிழில் வினை இல்லை. இது உப்பு: எஸ்தோ எஸ் சால். இங்கும் இல்லை. சமையலறையில் இருக்கிறேன்: எஸ்தோய் என் லா கொஸினா. சூப் ஆறிப்போய் இருக்கிறது: லா சோபா எஸ்தா ஃப்ரியா. களைப்பாக இருக்கிறேன்: எஸ்தோய் கன்சாதோ, பெண் சொன்னால் கன்சாதா. சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதில் கடைசியில் ஓர் ‘இரு’ ஒளிந்திருக்கிறது பாருங்கள், அதுவும் எஸ்தார்தான்: எஸ்தோய் கொமியேந்தோ.

சோதனை தவறும் இடங்கள் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். ஆளின் இயல்பைச் சொல்லும்போது, ‘அவன் உயரமாக இருக்கிறான்’ என்று நாம் சொன்னாலும் அங்கே எஸ் ஆல்தோ, செர். நிகழ்ச்சி எங்கே என்று சொல்லும்போதும் செர். ‘லா ஃபியெஸ்தா எஸ் என் மி காசா’, விருந்து என் வீட்டில். இந்த இரண்டைத் தனியாக வைத்துக்கொண்டால் மற்ற இடங்களில் கை கொடுக்கும்.

வடிவங்கள்: சோய், எரெஸ், எஸ், சோமோஸ், சோன். எஸ்தோய், எஸ்தாஸ், எஸ்தா, எஸ்தாமோஸ், எஸ்தான். ஒரே சொல் இரண்டோடும் சேர்ந்து பொருள் மாறுவதும் உண்டு. எஸ் லிஸ்தோ என்றால் ஆள் கெட்டிக்காரன். எஸ்தா லிஸ்தோ என்றால் தயார், தட்டை எடுத்துக்கொண்டு போகலாம்.

எஸ்தாரோடு சேர்த்தே ‘அய்’யையும் படித்துவிடுங்கள். பொருள் உண்டா இல்லையா என்பதற்கு அது. அய் பான்? ரொட்டி இருக்கா? நோ அய். இல்லை. ஒன்றானாலும் நூறானாலும் அதே அய்தான், மாறவே மாறாது. உப்பு என்று ஒன்று இருப்பது தெரியும், எங்கே என்று தேடினால் தோந்தே எஸ்தா லா சால்? கடையில் உப்பே கிடையாது என்றால் நோ அய் சால்.

இதிலிருந்து பிறந்த ‘அய் கே’ சமையலறையில் ரொம்பப் பிரபலம். அய் கே ஃப்ரெகார், பாத்திரம் கழுவணும். யார் கழுவணும் என்று சொல்வதில்லை. தமிழில் ‘கழுவணும்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்வது போலத்தான். சொன்னதும் எல்லோரும் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவனைப் பார்ப்பார்கள்.

நாலு நான்-வடிவங்கள்

தெங்கோ கே, போய் ஆ, கியேரோ, புயெதோ. இந்த நாலும் வாயில் நின்றுவிட்டால், அகராதியில் இருக்கும் எந்த வினையையும் உருவம் மாற்றாமல் பின்னால் போட்டு வாக்கியம் செய்துவிடலாம். செய்ய வேண்டும், செய்யப் போகிறேன், செய்ய விரும்புகிறேன், செய்ய முடியும். தமிழில் ‘செய்ய’ முன்னால் வரும், அங்கே பின்னால். அவ்வளவுதான் வித்தியாசம்.

தெங்கோ கே கொம்ப்ரார் பான். ரொட்டி வாங்க வேண்டும்.
போய் ஆ கொம்ப்ரார் பான். வாங்கப் போகிறேன்.
கியேரோ கொம்ப்ரார் பான். வாங்க விரும்புகிறேன்.
புயெதோ கொம்ப்ரார் பான். வாங்க முடியும்.

எதிர்காலத்துக்குத் தனி வடிவங்கள் இருக்கின்றன. ஆரம்பத்தில் அவற்றைத் தொடவே வேண்டாம். பேச்சில் போய் ஆ கிட்டத்தட்ட எல்லா வேலையையும் பார்த்துவிடும்.

தெங்கோ வருவது தெனேரிலிருந்து. அதன் சொந்த வேலை ‘வைத்திருத்தல்’. வயதும் அதனால்தான்: தெங்கோ குவாரெந்தா அன்யோஸ், எனக்கு நாற்பது வயது. பசியும் அப்படியே: தெங்கோ அம்ப்ரே. தாகம் சேத், தூக்கம் சுவென்யோ, குளிர் ஃப்ரியோ, அவசரம் ப்ரீசா, எல்லாவற்றுக்கும் முன்னால் தெங்கோ. இங்கே மட்டும் தமிழை நம்ப வேண்டாம், ஏனென்றால் நாம் ‘எனக்குப் பசிக்குது’ என்போம். ஆரம்பத்தில் நம்மவர்களுக்கு ‘மெ’, அதாவது ‘எனக்கு’, என்று தொடங்கத்தான் வாய் வரும். அரசு அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் முதல் கேள்வி தியெனே ஸீதா? முன்பதிவு இருக்கா? தெங்கோ ஸீதா ஆ லாஸ் தியெஸ் என்றால் பத்து மணிக்கு இருக்கிறது.

இர், அதாவது போவது: போய், பாஸ், பா, பாமோஸ், பான். ‘போகிறேன்’ என்பதற்கு போய் என்று வருவது தற்செயல்தான். இருந்தாலும் மறக்காது. ஒரு பொறி இருக்கிறது. யாராவது கூப்பிட்டால் நாம் ‘இதோ வரேன்’ என்போம். ஸ்பானிஷில் போய்! பேசுகிறவர் நிற்கும் இடத்துக்கு வருவது மட்டும்தான் பெனிர்; நீங்கள் இன்னோர் இடத்துக்குக் கிளம்பினால், அங்கே உங்களுக்காக ஆள் காத்திருந்தாலும், இர். வீட்டிலிருந்து கிளம்பும்போதும் ‘மெ போய்’ என்று வெறுமனே சொல்லிவிட்டுப் போவார்கள். ‘போயிட்டு வரேன்’ சொல்லிப் பழகிய நமக்குக் கொஞ்ச நாள் நெஞ்சு உறுத்தும்.

கெரேர் (விரும்புவது), பொதேர் (முடிவது) இரண்டிலும் நடுவில் உயிரொலி உடையும். கியேரோ, கியேரெஸ், கியேரெ. ஆனால் நாம் என்று வந்தால் கெரேமோஸ். புயெதோ, புயெதெஸ், புயெதெ, பொதேமோஸ். அழுத்தம் வேர் மீது விழுந்தால் உடைகிறது, விகுதிக்கு நகர்ந்துவிட்டால் உடையாமல் நிற்கிறது. இதே பழக்கம் பல வினைகளுக்கு உண்டு, ஒருமுறை காதில் பிடித்துவிட்டால் போதும்.

கடையில் எடுத்த எடுப்பில் கியேரோ என்று கேட்பது தப்பில்லை, கொஞ்சம் முரட்டுத்தனமாகப் படலாம். கெரியா என்றால் பணிவு. ஸ்பெயினில் அதையும்விட இயல்பு, பொனேரை, அதாவது ‘வை’ என்பதை, கேள்வியாகப் போடுவது: மெ போனெஸ் உன் கஃபே கோன் லெச்செ? ஒரு பால்காபி வைக்கிறீங்களா? சந்தையிலும் கடைக்காரர் கே தெ போங்கோ? என்றுதான் கேட்பார். சந்தை வரிசையில் நிற்பதற்கு முன் கியேன் எஸ் எல் உல்திமோ? என்று கேட்டு, கடைசி ஆள் யார் என்று தெரிந்துகொண்டு, அவருக்குப் பின் உங்கள் முறை என்று மனதில் வைத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். காசு கொடுக்க மெ கோப்ராஸ்? மெனு தெல் தியா என்ற மதியச் சாப்பாட்டுக் கூட்டத்தில் இந்த மூன்று வாக்கியம் போதும், பிழைத்துக்கொள்வீர்கள்.

எனக்குப் பிடிக்கும்

ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் பகுதி இது. நாம் சிரித்துக்கொண்டே கடக்கலாம். மெ குஸ்தா எல் கஃபே: எனக்குக் காபி பிடிக்கும். மெ என்றால் எனக்கு, தெ என்றால் உனக்கு, லெ என்றால் அவருக்கு. பிடிப்பது காபி. வாக்கியத்தை யாரும் தலைகீழாகப் புரட்டிக் காட்ட வேண்டியதில்லை, நம் மொழியிலேயே அது அப்படித்தான் நிற்கிறது.

கவனிக்க வேண்டியது ஒன்று. நமக்கு ஒரு பொருளானாலும் பல பொருளானாலும் ‘பிடிக்கும்’. அங்கே பொருள் பன்மையானால் வினையும் பன்மையாகும்: மெ குஸ்தான் லாஸ் அஸெயிதூனாஸ், எனக்கு ஆலிவ்காய் பிடிக்கும்.

இதே அச்சில் வரும் மற்றவற்றையும் ஒரே மூச்சில் எடுத்துக்கொள்ளுங்கள். மெ துயெலே லா எஸ்பால்தா, எனக்கு முதுகு வலிக்கிறது. மெ துயெலென் லோஸ் பியேஸ், கால் பாதங்கள் வலிக்கின்றன. சமையலறை வேலைக்காரன் சொல்லும் வாக்கியங்களில் முதலிடம் இதற்குத்தான். மருத்துவர் தெஸ்தே குவாந்தோ? என்று கேட்டால் எப்போதிலிருந்து என்று அர்த்தம். லெ ஃபால்தா சால், இதில் உப்புக் குறைகிறது. ஃபால்தான் தோஸ் பிளாத்தோஸ், இரண்டு தட்டு இன்னும் வர வேண்டும். தெ கேதா அர்ரோஸ்? உன்னிடம் அரிசி மிச்சம் இருக்கா? மெ பரெஸே பியேன், எனக்குச் சரியாகப் படுகிறது. மெ தோகா, என் முறை.

பசி, தாகம், தூக்கத்துக்குத் தெங்கோ. வலி, விருப்பம், குறைவு, அபிப்பிராயத்துக்கு மெ. இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டால் தெனேரால் வந்த குழப்பம் தீர்ந்துவிடும்.

ஏவல்

ஏவலைப் பாடநூல்கள் கடைசிப் பாடங்களுக்குத் தள்ளிவிடுகின்றன. இதில் எனக்கு உடன்பாடே இல்லை. புது நாட்டில் புது வேலையில் சேர்ந்தவன் முதல் வாரம் கேட்பது முழுக்க ஏவல்தான். நல்லவேளை, தமிழ் ஏவல் மாதிரியே இவையும் குட்டையானவை. பென், வா. போன், வை. தென், இந்தா பிடி. சால், வெளியே போ. ஆஸ், செய். தி, சொல். பெ, போ. ஒழுங்கற்ற ஒருமை ஏவல்கள் மொத்தம் எட்டுதான், எட்டாவது ‘செ’, செர்ரிலிருந்து வருவது. மற்றவை அவன்-வடிவமே: கோர்தா, வெட்டு, பேலா, தோலுரி, எஸ்பேரா, பொறு, மீரா, பார், த்ராயே, கொண்டுவா, தாமே, எனக்குத் தா. செய்யாதே என்று சொல்ல வடிவம் மாறிவிடும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உத்தரவு காதில் விழுந்ததும் சமையலறையில் பதில் ஒற்றைச் சொல்: ஓயிதோ! கேட்டாச்சு.

இவையெல்லாம் ‘நீ’ போட்டுச் சொல்வது. ஸ்பெயினில் தலைமைச் சமையல்காரரையும் தூ என்றுதான் பேசுவோம், யாரும் தப்பாக எடுப்பதில்லை. நமக்குத்தான் வாய் கூசும். வயதானவர்களிடமும் அலுவலகத்திலும் உஸ்தெத், அதாவது மரியாதையான நீங்கள், போட்டால் நல்லது. வினை அவர்-வடிவத்துக்கு மாறும்: புயெதே ரெபெதீர்? இன்னொரு தடவை சொல்ல முடியுமா? கொலம்பியாவின் பல பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே உஸ்தெத் என்று பேசுகிறார்கள்.

இக்குவடோர் மலைப்பகுதிக்காரர்கள் ‘தாமே த்ராயேந்தோ’ என்பார்கள், அப்படியே ‘கொண்டுவந்து தா’. அங்குள்ள பழங்குடி மொழியான கிச்சுவாவின் செல்வாக்கு என்கிறார்கள். மாட்ரிட்காரர்கள் இதைக் கேட்டு விழிப்பார்கள். எனக்குச் சொந்தக்காரர் பேசுவது போல இருக்கும். நீங்கள் பேச வேண்டியதில்லை, புரிந்தால் போதும்.

மிச்சம்

அஸேர், செய்வது. நான் என்று வந்தால் ஆகோ. வானிலைக்கும் இதுதான், ஆஸே கலோர் என்றால் வெக்கையாக இருக்கிறது. நாம் வெயிலை ‘அடிக்க’ விடுகிறோம், அவர்கள் ‘செய்ய’ விடுகிறார்கள். தெங்கோ, பெங்கோ, போங்கோ, சால்கோ, ஆகோ, தீகோ, த்ராய்கோ: நான்-வடிவம் ‘கோ’வில் முடியும் இந்த ஏழையும் ஒரு கொத்தாகப் படித்தால் தனித்தனியாக அல்லாட வேண்டாம்.

தெரியும் என்பதற்கு இரண்டு உண்டு. செய்தியோ செய்முறையோ தெரிந்தால் சபேர்: செ கொஸினார், எனக்குச் சமைக்கத் தெரியும். ஆளையோ ஊரையோ தெரிந்தால் கொனொஸேர்: கொனோஸ்கோ செபீயா, எனக்குச் செவில் நகரம் தெரியும். ‘நோ செ’, தெரியாது, இதை நிறையச் சொல்வீர்கள்.

ஸ்பெயினில் பேருந்தைப் பிடிப்பது, பொருளை எடுப்பது எல்லாம் கொஹேர். மெக்சிகோவிலோ அர்ஜென்டினாவிலோ அதே சொல் கெட்ட வார்த்தை. இரு பக்கமும் போகிறவர்கள் தொமார் என்று சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. கதவில் தீரார் என்று எழுதியிருந்தால் இழுக்கவும்; அதே வினை குப்பையை எறிவதற்கும் வரும்.

பயிற்சிக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒரு வினையை எடுத்து, உங்கள் வேலையில் உண்மையாகவே சொல்ல நேரும் வாக்கியமாக நாலு எழுதுங்கள். ஒன்று நேராக, ஒன்று கேள்வியாக, ஒன்று முன்னால் நோ போட்டு, ஒன்று தெங்கோ கே வைத்து. ‘பூனை பால் குடிக்கிறது’ மாதிரி யாரும் பேசாத வாக்கியங்களில் நேரத்தைக் கொட்டாதீர்கள். மாட்ரிட்டில் இருந்தால் மெட்ரோவும் பாடம் நடத்தும். வளைவான நிலையங்களில் ‘அல் சலிர், தெங்கான் குயிதாதோ’ என்று அறிவிப்பு வரும்: இறங்கும்போது கவனமாக இருங்கள். சலிர் ஒன்று, தெனேரின் மரியாதைப் பன்மை ஏவல் ஒன்று, இரண்டும் ஒரே மூச்சில்.

இறந்தகாலத்துக்கு முதலில் ஸ்பெயின்காரர்கள் இன்றைக்கு நடந்ததைச் சொல்லும் வடிவத்தைப் பிடியுங்கள். எ, ஆஸ், ஆ, எமோஸ், ஆன் என்பதோடு ஆதோ அல்லது இதோ ஒட்டிய வடிவம்: ஆஸ் கொமீதோ? சாப்பிட்டாச்சா? லத்தீன் அமெரிக்கர்கள் அதையே யா கொமீஸ்தே? என்பார்கள். ஒழுங்கு மீறுபவை சில உண்டு: செய்தாச்சு எச்சோ, வைத்தாச்சு புயெஸ்தோ, பார்த்தாச்சு பீஸ்தோ, சொல்லியாச்சு தீச்சோ, உடைஞ்சாச்சு ரோத்தோ. இப்போதுதான் வந்தேன் என்பதற்கு அகாபோ தெ யெகார், இதற்கு இறந்தகாலமே வேண்டாம். இங்கே குடியுரிமை கேட்பவர்களில் ஸ்பானிஷ் பேசும் நாடுகளிலிருந்து வராதவர்கள் தெலே என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வில் ஏ2 என்ற அடிப்படை நிலை தேற வேண்டும். அதற்குள் மற்ற இறந்தகால வடிவமும் தேவைப்படும். அதில் ஒரு சலுகை: இர், செர் இரண்டுக்கும் முற்று இறந்தகாலம் ஒன்றேதான், ஃபுய், ஃபுயிஸ்தே, ஃபுயே. போனேனா, இருந்தேனா என்பது அடுத்த சொல்லைக் கேட்டால் தெரிந்துவிடும்.